செல்லாத ஏழு மாதம்

மசினகுடி ஜீப் ஸ்டாண்டில் பாலாமணியைத் 'தலைவரக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தேழு வயது. புருஷன் நல்லசாமி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கம்பம் கம்பமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அவள் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, சுற்றுலா வருகிறவர்களை மோயாறு ரோட்டிலும் சிங்காரா ரோட்டிலும் கூட்டிப்போகத் தொடங்கிவிட்டாள். முதலில் ஸ்டாண்டில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். ரிசார்ட்டில் தங்க வரும் குடும்பங்கள் அவள் வண்டியையே கேட்டு ஏற ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. ஒரு வண்டி இரண்டாயிற்று.

ஜீப் ஓட்டுநர் சங்கம் தொடங்கியபோது தலைவர் யார் என்று பெரிய சண்டை. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவளை உட்கார வைத்தார்கள், கொஞ்ச நாளைக்குத்தானே என்று. அவள் இறங்கவே இல்லை. அவள் கொண்டுவந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஸ்டாண்டுக்கு முதலில் வந்த வண்டிக்கு முதல் சவாரி. ஐந்து வண்டி வைத்திருக்கிறவனானாலும் சரி, கடன் வாங்கி ஒரே ஒரு வண்டி எடுத்தவனானாலும் சரி, வரிசைதான். பெரிய ஆட்களுக்கு இது கசந்தது. ஒற்றை வண்டிக்காரர்கள் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

ஒரு மார்ச் மாதக் காலையில் மோயாறு ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது கை தானாக ஒரு வெட்டு வெட்டி உள்ளே இழுத்தது. கூடவே இடது கன்னமும் கோணியது. ஒரு சொடுக்குப் போடும் நேரம்தான். ஸ்டியரிங் லேசாக ஆடியது. பின்னால் இருந்தவர்கள் ரோட்டில் பள்ளம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் குளிரில் நரம்பு பிடித்திருக்கும் என்று கையை உதறிவிட்டு ஓட்டினாள்.

அடுத்த வாரம் அது தினமும் வந்தது. அப்புறம் ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை. சோற்றைப் பிசையும்போதும், தலை சீவும்போதும், பேசிக்கொண்டிருக்கும்போதும் இழுக்கும், விட்டுவிடும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டுநருக்குக் கை சரியில்லை என்று தெரிந்தால் யார் ஏறுவார்கள்? நல்லசாமி பார்த்துவிட்டுக் கேட்டபோது வாயு என்றாள்.

கைக்குப் பின்னால் மறதி வந்தது. பொக்காபுரத்தில் கோவிலுக்கு இறக்கிவிட்ட ஒரு குடும்பத்தைத் திரும்பக் கூட்டிவரப் போகவில்லை. அவர்கள் போன் செய்தபோது நீங்கள் யார் என்று கேட்டாள். சங்கக் கூட்டத்தில் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினாள். மே மாதம் ஒருநாள், மோயாறிலிருந்து சவாரி முடித்துத் திரும்பும்போது மசினகுடி முக்கில் வண்டியை நிறுத்தினாள். நிறுத்தியவள் நிறுத்தியபடியே இருந்தாள். எந்த ரோடு ஸ்டாண்டுக்குப் போகிறது என்று தெரியவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. சங்கச் செயலாளர் வேலுமணி இறங்கி வந்து, "தள்ளி உக்காருங்கக்கா, நான் ஓட்டறேன்" என்று சாவியைத் திருப்பினான். அவள் குழந்தை மாதிரி தள்ளி உட்கார்ந்தாள்.

பாலாமணிக்கு நினைவில் இருப்பது அந்த முக்கு வரைதான். அதற்குப் பிறகு ஏழு மாதம் வெறும் வெள்ளை. அந்த ஏழு மாதத்தில் நடந்ததில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நல்லசாமி பின்னால் சொன்னது.

மகன் ரமேஷ் கோயம்புத்தூரில் பம்பு செட் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். அவன்தான் வந்து அவளை அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஸ்கேன் எடுத்தார்கள். மறதி நோய், வயதுக்கு முந்தியே வந்துவிட்டது, இனி கூடிக்கொண்டுதான் போகும், வீட்டில் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கை இழுப்பதை ரமேஷ் சொன்னான். அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ரத்தத்தில் உப்புக் குறைவாக இருக்கிறது என்று பாட்டில் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து நல்லசாமி ரசத்தில் ஒரு கை உப்பு கூடுதலாகப் போட்டார். அவள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். முப்பது வருடம் உப்புக்கு அவரிடம் சண்டை போட்டவள் அப்படிச் சாப்பிட்டதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வேதனையாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக அவள் கையைவிட்டுப் போயின. சாவிகளை ரமேஷ் வாங்கிக்கொண்டான். இரண்டு ஜீப்பில் பழையது கூடலூர்க்காரர் ஒருவருக்குப் போனது. பத்திரத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். சங்கத்தில் வேலுமணி தலைவரானான். மசினகுடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கே வந்துவிடும்படி ரமேஷ் சொன்னான். நல்லசாமி தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போட்டார். ரமேஷ் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவனைப் பார்த்து, "தம்பி யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

நவம்பரில் அடுப்பிலிருந்து சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை இறக்கும்போது கை இழுத்தது. தண்ணீர் முழுக்க வலது பாதத்தில் கொட்டியது. தோல் உரிந்துவிட்டது. நல்லசாமி அவளை ஊட்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தார்.

அந்த வார்டுக்கு வேறொரு நோயாளியைப் பார்க்க வந்தவள்தான் கீர்த்தனா. மூளை நரம்பு டாக்டர். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பெண். போகிற வழியில் பாலாமணி ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். தம்ளர் ஆடியதையும், கன்னம் கோணியதையும் பார்த்தாள். நின்றாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, தொடவும் இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் வலிக்கு உட்கார்ந்திருக்கிறது போல, பாவம் என்று நல்லசாமி நினைத்தார். வெகுநேரம் கழித்துத்தான் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் கை இழுப்பு எப்ப இருந்துங்கய்யா?"

"மார்ச்சுல இருந்துங்க. நரம்புத் தளர்ச்சின்னாங்க. மாத்திரை குடுத்தாங்க, நிக்கலீங்க."

"மறதி?"

"அது அப்புறமேட்டுக்குங்க. கை மொதல்ல, மறதி பின்னாடி."

கீர்த்தனா பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டாள். அவர் மஞ்சள் பையோடு கொடுத்தார். எத்தனை தடவை ரத்தம் பார்த்திருந்தார்களோ அத்தனை தடவையும் உப்புக் குறைவு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"கை இழுக்கறது, உப்புக் கொறையறது, மறதி. இது மூணு சீக்கு இல்லீங்கய்யா. ஒரே சீக்குன்னு நெனைக்கிறேன். நான் நெனைக்கிறது சரியா இருந்தா, இதுக்கு மருந்து இருக்குது. ஆனா ரத்தம் அனுப்பிப் பாக்காம நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்."

நல்லசாமி அன்று சாயந்திரம் முழுக்க ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தார். ஆசை காட்ட மாட்டேன் என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்கு ஆசை வந்தது.

ரத்தமும் முதுகுத் தண்டு நீரும் வெளியூர் லேபுக்குப் போயின. ரிசல்ட் வருவதற்குள் பாதத்துப் புண்ணும் ஓரளவு ஆறிவிட்டது. கீர்த்தனா நினைத்தது சரி. பாலாமணியின் உடம்பில் கிருமிகளை எதிர்க்க இருக்கும் காவல் சக்தி தடம் மாறி, அவள் மூளையையே தாக்கிக்கொண்டிருந்தது. அன்றே ஸ்டீராய்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றத் தொடங்கினார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நல்லசாமி அவளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். கிண்ணம் காலியான பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. காலையிலிருந்து அவள் கை ஒருமுறைகூட இழுக்கவில்லை. யாரிடமாவது சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்து நர்ஸிடம்கூடச் சொல்லாமல் சாயந்திரம்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நினைவு அத்தனை சீக்கிரம் வரவில்லை. ஸ்டீராய்டுக்குப் பிறகு வேறொரு மருந்து பாட்டில் பாட்டிலாக ஏறியது. அவள் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டு வாரம் போனது. ஒருநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒரு வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கியர் விழாமல் கரகரவென்று சத்தம். பாலாமணி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"கிளட்ச் தேஞ்சுபோச்சு அவனுக்கு. இதுலயா கல்லட்டி மலைரோடு எறங்கப் போறான்?" என்றாள். பிறகு நல்லசாமியைப் பார்த்து, "ஏனுங்க, எதுக்கு இப்பிடி எளைச்சுப் போயிட்டீங்க?" என்று கேட்டாள்.

நல்லசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரம்மா என்னவோ ஏதோவென்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சு தெளிவானதும் பாலாமணி கீர்த்தனாவிடம் முதலில் கேட்டது தனக்கு என்ன நடந்தது என்றுதான். கீர்த்தனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"தெப்பக்காட்டுல கும்கி யானை பாத்திருப்பீங்க. காட்டானை ஊருக்குள்ள வந்தா அதுதான் வெரட்டும். நம்ம ஒடம்புலயும் அப்பிடி ஒரு காவல் இருக்குதுங்கம்மா. உங்களோடதுக்கு ஆள் அடையாளம் மாறிப்போச்சு. மூளையில ஞாபகத்தைச் சேத்து வெக்கற எடத்துல நரம்புக்கு நரம்பு பேசிக்க ஒரு புரதம் இருக்குது. அதைப் போய் எதிரின்னு நெனச்சு முட்டிக்கிட்டே இருந்துச்சு. வெளிய இருந்து பாத்தா மறதி நோய் மாதிரியே இருக்கும். கண்டுபிடிக்காம விட்டுட்டா, அந்த எடமே சுருங்கிப்போயி நெசமாவே திரும்ப முடியாமப் போயிரும்."

"இப்ப அந்தக் கும்கியைக் கொன்னுட்டீங்களா?"

"கட்டிப் போட்டிருக்கோம். கொன்னுட்டா நாளைக்கு நெசக் காட்டானை வந்தா யாரு வெரட்டறது? அதனாலதான் காய்ச்சல், சளின்னா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாம வாங்கன்னு சொல்றேன்."

இன்னொன்றும் அவள் மறைக்கவில்லை. சிலருக்கு இது திரும்ப வரும். அதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஊசி போட வேண்டியிருக்கும். ஒரு வருடம் முழுக்கக் கை இழுக்காமல் இருந்தால்தான் வண்டி ஓட்டலாம். பாலாமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வண்டி என்ற சொல் மட்டும்தான் அவள் காதில் நின்றது.

வீட்டுக்கு வந்தபோது மருந்தின் வேகத்தில் அவள் முகம் ஊதிப் பூசணி மாதிரி இருந்தது. பசி அடங்கவில்லை. சர்க்கரை ஏறியது. நல்லசாமி வைத்த ரசத்தில் உப்பு அதிகம் என்று முதல் நாளே சண்டை போட்டாள். அவர் அந்தச் சண்டையைத் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

ஆனால் ஊரில் யாரும் அவளிடம் பழையபடி பேசவில்லை. மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பேசினார்கள். கடையில் சில்லறையை நல்லசாமி கையில் கொடுத்தார்கள். அவள் ஏதாவது கேட்டால் பதிலை அவரிடம் சொன்னார்கள். அதுகூடப் பரவாயில்லை. அவளைத் திணறடித்தது வேறு. அந்த ஏழு மாதத்தில் அவள் என்ன செய்தாள், என்ன சொன்னாள் என்பதை ஊரில் எல்லாரும் அறிவார்கள், அவளைத் தவிர. யார் எதைச் சொன்னாலும் இல்லை என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

ஸ்டாண்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். வரிசை போயிருந்தது. ரிசார்ட்டுகளின் வண்டிகள் வந்ததும் முன்னால் போய் நின்றன. ஒற்றை வண்டிக்காரர்கள் விடியற்காலையிலிருந்து காத்துக்கிடந்தார்கள். அந்த ரிசார்ட்டு வண்டிகளைப் பார்த்துக்கொள்வது வேலுமணி. அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் பணிவாகத்தான் பதில் சொன்னான்.

"நீங்கதானுங்கக்கா சொன்னீங்க. 'இனி என்னால முடியாது வேலு, நீயே பாத்துக்க, உனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிப் பண்ணிக்க'ன்னு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

அவன் பொய் சொல்கிறானா, நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்கவும் கூடும். நல்லசாமியைக் கேட்டாள். தான் அப்போது அங்கே இல்லை என்றார். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. மருந்துப் பசியிலும் சாப்பிடவில்லை.

அந்த ஒரு வருடமும் அவள் தினம் ஸ்டாண்டுக்குப் போனாள். நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஓட்டுநர்களிடம் முன்பு பேசியதுபோலவே பேசினாள். இன்று யார் பிள்ளைக்குப் பரீட்சை, யார் வண்டிக்கு டயர் தேய்ந்திருக்கிறது என்று கேட்டாள். மெதுவாகப் பேசியவர்களிடம், காது நல்லாத்தான் இருக்குது என்று சொன்னாள். முகம் வற்றியது. மாத்திரைகள் குறைந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் பேச்சின் வேகமும் பழையபடி ஆயிற்று.

அதற்கிடையில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் வந்தாள். அவள் புருஷன் கந்தப்பன் பஸ் கண்டக்டராக இருந்தவர். நாலு வருடமாக மறதி. வருகிறவர்களுக்கெல்லாம் காலண்டர் தாளைக் கிழித்து டிக்கெட் கொடுப்பார். பெண்டாட்டிக்கும் கொடுப்பார்.

"உனக்குப் போட்ட ஊசியை இவருக்கும் போடச் சொல்லு பாலா. நீ சொன்னா அந்த டாக்டர்ப் புள்ள கேக்கும்."

பாலாமணி இருவரையும் பஸ்ஸில் ஏற்றி ஊட்டிக்குக் கூட்டிப்போனாள். கீர்த்தனா எல்லாச் சோதனையும் செய்தாள். அது இல்லை. இது வேறு நோய் என்றாள். இந்த நோயிலும் மூளையின் காவல் செல்களுக்குப் பங்கு உண்டு, குப்பையைப் பெருக்க வேண்டியவை கொதித்துப்போய் நல்ல நரம்பையும் சேர்த்துக் கெடுக்கின்றன, உலகம் முழுக்க அதைப் பற்றித்தான் ஆராய்கிறார்கள். ஆனால் இதில் காவலைக் கட்டிப்போட்டால் மட்டும் நோய் நிற்பதில்லை, அதைத் திருப்பும் மருந்து இன்றைக்கு இல்லை என்று ஒளிக்காமல் சொன்னாள். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் மட்டும் மாத்திரை மாற்றிக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பாலாமணிக்குக் கிருஷ்ணம்மாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தான் பிழைத்து வந்ததே ஏதோ தப்பு மாதிரி இருந்தது. கிருஷ்ணம்மாள்தான் பேசினாள்.

"நீ எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கற? மருந்து இல்லைன்னு தெரிஞ்சதும் ஒரு விதத்துல நல்லதுதான். இனி எவளாச்சும் அங்க கூட்டிட்டுப் போனியா, இங்க கூட்டிட்டுப் போனியான்னு கேட்டா, எல்லாம் பாத்தாச்சுன்னு சொல்லுவேன். நீ வந்துட்டல்ல, வந்தவ வேலையைப் பாரு."

அன்றிலிருந்து பாலாமணி தினமும் சாயந்திரம் கந்தப்பனோடு போய் உட்கார்ந்தாள். கிருஷ்ணம்மாளுக்குக் கடைக்கும் கோவிலுக்கும் போய்வர நேரம் கிடைத்தது.

வருடம் முடிந்ததும் கீர்த்தனா வண்டி ஓட்டலாம் என்றாள். இருந்த ஒரு ஜீப் வீட்டு ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. சாவி ரமேஷிடம். அவனைக் கூப்பிட்டாள். வந்தான். சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். எதற்கம்மா இனி, வயதாகிவிட்டது, பணத்துக்கு நான் இருக்கிறேன் என்று சுற்றிச் சுற்றிச் சொன்னான். அவள் சாவியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் உண்மையைச் சொன்னான்.

"அன்னைக்கு நீ என்னையப் பாத்து யாருன்னு கேட்டே. உனக்கு ஞாபகம் இருக்காதும்மா. எனக்கு இருக்குது."

பாலாமணிக்கு அது தெரியாது. நல்லசாமி அவளிடம் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். அவள் மகன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கேட்டிருப்பேன் கண்ணு. ஆனா அது நான் கேட்டதில்ல. எனக்குள்ள இருந்த கும்கி கேட்டது. நீ அதுக்குப் போயி என்ற மேல பயந்துக்காத."

ரமேஷ் அழுதான், சிரிக்கவும் செய்தான். சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான். அந்த நேரத்தில்தான், தான் இப்போது சொன்னதே வேலுமணிக்கும் சரியான பதில் என்று அவளுக்குத் தோன்றியது.

பொங்கல் கழிந்து சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. தலைவர் பதவிக்கு வேலுமணி மறுபடி நின்றான். வேறு யாராவது நிற்கிறார்களா என்று பேருக்குக் கேட்டார்கள். பாலாமணி எழுந்தாள். கூடத்தில் சலசலப்பு. சந்தோஷப்பட்டவர்களும் இருந்தார்கள், ஐயோ என்று பார்த்தவர்களும் இருந்தார்கள்.

வேலுமணி மரியாதை குறையாமல் பேசினான். அக்காவுக்கு இந்தச் சங்கம் கடன்பட்டிருக்கிறது, அவர் உடம்புதான் முக்கியம், தவிர, முடியாது என்று அவரே தன் வாயால் ஒப்படைத்த பொறுப்பு இது என்றான். பலர் தலையாட்டினார்கள். அது நியாயம் மாதிரிதான் இருந்தது.

பாலாமணி மைக் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினாள்.

"வேலு சொல்றது நெசமாக்கூட இருக்கலாம். நான் சொல்லியிருப்பேன். அந்த ஏழு மாசத்துல என்ற மகனைப் பாத்து யாருன்னு கேட்டிருக்கறேன். அவன் என்ற மகன் இல்லைன்னு ஆயிருமா? இல்லீல்ல? அப்ப வேலுகிட்டச் சொன்னதும் அப்பிடித்தான். அந்த ஏழு மாசம் நான் சொன்னது, கையெழுத்துப் போட்டது, தலையாட்டினது எதுவும் செல்லாது. வித்த வண்டி போகட்டும், வாங்கினவரு நல்ல மனுசன், அவரை நான் கேக்க மாட்டேன். இந்த வரிசையை மட்டும் கேப்பேன். காத்தால இருட்டோட வந்து நிக்கறவன் மத்தியானம் வரைக்கும் நிக்கறான். அதை நான் ஒரு வருசம் நாற்காலி போட்டு உக்காந்து பாத்திருக்கறேன். இதைச் சொல்றது நான்தான்."

பின்னால் இருந்து அஜய் என்ற ஓட்டுநர் எழுந்தான். ஒற்றை வண்டிக்காரன். அவளுக்கு வேண்டியவன்தான். ஆனாலும் கேட்டான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. மறுபடி வந்துருச்சுன்னா?"

எல்லார் மனதிலும் இருந்த கேள்வி அதுதான். நல்லசாமி கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டார்.

"வரலாம்" என்றாள் பாலாமணி. "வராதுன்னு டாக்டரம்மாவே சொல்லல, நான் எப்பிடிச் சொல்லுவேன்? வந்தா எனக்குத் தெரியாமப் போனாலும் உங்களுக்குத் தெரியும். கை இழுக்கும், கன்னம் கோணும். பாத்த அன்னைக்கே என்ற சாவியைப் புடுங்கிக்கங்க. நானே வேண்டாம்னாலும் கேக்காதீங்க. ஆனா ஒண்ணு. போன தடவை மாதிரி என்னைய ஊட்டுக்கு அனுப்பாதீங்க. ஊட்டிக்கு அனுப்புங்க."

ஒரு நொடி யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு முன்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்தவர் சிரித்தார். கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அஜய் நின்றபடியே கையைத் தூக்கினான். கை தூக்கச் சொல்லி இன்னும் யாரும் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் இருந்தவன் தூக்கினான். ஒற்றை வண்டிக்காரர்கள் தூக்கினார்கள். ரிசார்ட்டு வண்டிகளில் சம்பளத்துக்கு ஓட்டுகிற பையன்கள் வேலுமணி பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவர்களும் தூக்கினார்கள். எண்ண வேண்டியிருக்கவில்லை.

வாழ்நாளில் ஒருமுறைகூடச் சத்தமாகப் பேசியிராத நல்லசாமி நாற்காலியில் ஏறி நின்று விசில் அடித்தார். கம்பத்தில் ஏறும் காலத்தில் கீழே இருப்பவனுக்குக் கொடுக்கும் நீட்டு விசில். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாலாமணி வெட்கப்பட்டுக்கொண்டு அவரை இறங்கச் சொன்னாள். அவர் இறங்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் வேலுமணி அவளுக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தான். பிறகு, நிஜமாகவே நீங்கள் சொன்னீர்களக்கா, நான் இட்டுக்கட்டவில்லை என்றான். அவன் கண்ணைப் பார்த்தபோது அவளுக்கு அது உண்மை என்றே பட்டது.

"சரி, சொன்னேன்னே இருக்கட்டும்" என்றாள். "அப்ப இப்ப சொல்றதையும் கேட்டுக்க. நாளைக்கு எத்தனை மணிக்கு வேணும்னாலும் வா. முன்னாடி வந்தா முன்னாடி போ." அவன் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னாள்.

மறுநாள் காலை பனி தரையோடு படுத்திருந்தது. வேலுமணி அவளுக்கு முன்பே வந்து வண்டியைப் போட்டிருந்தான். பாலாமணி தன் ஜீப்பை அவனுக்கும் அஜய்க்கும் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவள் முறை வந்தபோது தாராபுரத்திலிருந்து வந்திருந்த அக்கா தங்கை இருவர் ஏறினார்கள். பெரியவளுக்குப் பெண் ஓட்டுநரைப் பார்த்ததும் சின்னச் சந்தேகம். சால்வையை இறுக்கிக்கொண்டு, எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.

"முப்பது வருசமாச்சுங்க. நடுவுல கொஞ்ச நாள் லீவுல இருந்தேன்" என்று சொல்லிவிட்டு பாலாமணி கியரைப் போட்டாள்.

சிங்காரா ரோட்டில் முதல் வளைவு தாண்டியதும் ஒரு காட்டெருமைக் கூட்டம் சாலையை அடைத்து நின்றது. அவள் எஞ்சினை அணைத்தாள். பின்னால் இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பெரிய காளை தலையைத் தூக்கி ஜீப்பைப் பார்த்தது. அவளும் அதைப் பார்த்தாள். அதற்கு அவசரமில்லை, அவளுக்கும் இல்லை. அது கன்றுகளை ஒவ்வொன்றாகக் கடக்கவிட்டுக் கடைசியில் தானும் புதருக்குள் இறங்கியது. பாலாமணி வண்டியைக் கிளப்பி, ஜன்னல் வழியே வந்த குளிர்காற்று முகத்தில் அடிக்க, கீழே சிங்காரா பக்கம் விட்டாள்.